கையெழுத்து போடாத வாத்தியார்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அக்கா போன் பண்ணினா. "தம்பி, இவனுக்குப் பதினேழு முடிஞ்சிருச்சு. பைக் வேணும்னு உசிரை எடுக்கறான். வீட்டுல பைக் ஓட்டறவன் நீ ஒருத்தன்தான். எங்க கத்துக்க அனுப்பறதுன்னு நீயே பார்த்துச் சொல்லு"ன்னா. பேசிட்டு இருக்கும்போதே பையன் போனைப் புடுங்கிட்டான். "மாமா, என் ஃப்ரெண்டு போன இடத்துல ரெண்டு மணிக்கெல்லாம் சர்ட்டிபிகேட்டைக் கையில குடுத்துட்டாங்களாம். நானும் அங்கயே போறேனே?"

பதினேழு வயசுப் பையனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேற என்ன வேணும்? ஆனா எனக்கு இடது கணுக்கால்ல சுருக்குன்னு ஒரு வலி வந்துட்டுப் போச்சு. அது ஏன்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

பையன் கேட்டது சி.பி.டி. சமாச்சாரம். பிரிட்டன்ல இருக்கற நண்பர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டாய அடிப்படைப் பயிற்சி. இங்க எல் போர்டு மாட்டிக்கிட்டு 125 சிசி வண்டியை ரோட்டுல இறக்கணும்னாலே, முதல்ல ஒரு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்துக்குப் போய் இந்தப் பயிற்சியை முடிச்சு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கணும். பாஸ், ஃபெயில்னு எதுவும் கிடையாது. வாத்தியாருக்குத் திருப்தி வந்தா கையெழுத்து போடுவார். அவ்வளவுதான் மேட்டர்.

அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னாடி எண்பத்தேழு வருஷக் கதை இருக்கு. எனக்குப் பழைய சட்டங்களைத் தோண்டறதுல கொஞ்சம் பைத்தியம் உண்டுங்கறது இங்க அடிக்கடி வர்றவங்களுக்குத் தெரியும். அதனால இந்தத் தடவை அந்தக் கதை.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. (சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.)

நான் ஊர்ல லைசென்ஸ் வாங்கினது காலேஜ் ரெண்டாவது வருஷத்துல. டிரைவிங் ஸ்கூல் அண்ணன் ஒருத்தர் காலங்காத்தால ஒரு கூட்டத்தையே கூட்டிட்டுப் போனார். மண் தரையில சுண்ணாம்புல எட்டு போட்டிருந்தாங்க. கால் ஊனாம ரெண்டு சுத்து. எனக்கு முன்னாடி போனவன் கால் ஊனிட்டான். பார்க்க வேண்டியவர் அந்த நேரம் டீ குடிச்சிட்டு இருந்தார். நான் ஊனலை, ஆனா அதையும் அவர் பார்க்கலை. ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் வந்துச்சு! அன்னிக்கு அது எங்களுக்குப் பெரிய ஜோக். "யாரு பார்த்தா?"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

இந்த "யாரு பார்த்தா?"ங்கற கேள்விதான் பிரிட்டன் கதையிலயும் முதல்லேருந்து கடைசி வரைக்கும் வருது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1903-ல பிரிட்டன்ல மோட்டார் கார் சட்டம் வந்துச்சு. 1904 ஜனவரி 1-லேருந்து வண்டி ஓட்ட லைசென்ஸ் வேணும். வாங்கறது எப்படி? கவுண்டி கவுன்சில் ஆபீசுக்குப் போய் அஞ்சு ஷில்லிங் கட்டணும். முடிஞ்சுது. உனக்கு ஓட்டத் தெரியுமான்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. காருக்குப் பதினேழு வயசு ஆகியிருக்கணும். மோட்டார் சைக்கிளுக்கு? பதினாலு! எட்டாம் கிளாஸ் பையன் வரி கட்டற மாதிரி காசைக் கட்டிட்டு வண்டியை எடுத்துட்டுப் போகலாம். ஓட்டறவனைப் பத்தி அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியது பேரும் விலாசமும்தான்.

அடுத்த முப்பது வருஷத்துல வண்டிகள் பெருகிச்சு, சாவும் பெருகிச்சு. 1934-ல மட்டும் பிரிட்டன் ரோடுகள்ல செத்தவங்க 7,343 பேர். அந்த வருஷம் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம்தான் டிரைவிங் டெஸ்ட்டைக் கொண்டுவந்துச்சு. 1935 மார்ச்லேருந்து விருப்பப்பட்டவங்க எழுந்து வரலாம், ஜூன் 1-லேருந்து கட்டாயம். கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். 1934 ஏப்ரல் 1-க்கு முன்னாடியே ஓட்டிட்டு இருந்தவங்களுக்கு டெஸ்ட் கிடையாது. வெள்ளைப் பலகையில சிவப்பு எல் எழுத்து வந்ததும் இதே சமயத்துலதான். இன்னிக்கு நம்ம ஊர் ஸ்கூட்டர் பின்னாடி பேப்பர்ல வெட்டி ஒட்டற அந்த எல்லோட பூர்வீகம் இதுதான்.

கார் டெஸ்ட்ல பிரச்சினை இல்லை. அதிகாரி பக்கத்து சீட்டுல உட்கார்ந்துப்பார். கியர், பிரேக், கண்ணாடி பார்க்கறது எல்லாம் அவர் கண்ணு முன்னாடி நடக்கும். மோட்டார் சைக்கிளுக்கு என்ன பண்றது? பின்னாடி உட்கார்ந்தா அதிகாரி உசிருக்கு யார் பொறுப்பு? அதனால ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அதிகாரி நடைபாதையில நின்னுப்பார். "இந்தத் தெருவுல போய், இடது பக்கம் திரும்பி, சுத்தி வாங்க"ன்னு சொல்வார். நீங்க சுத்தி வருவீங்க. அவர் கண்ணுல படற அந்தச் சில நொடிகளுக்கு ஒழுங்கா ஓட்டினாப் போதும். கடைசியில அவர் எங்கயாவது நின்னு திடீர்னு கையைத் தூக்குவார், நீங்க சடன் பிரேக் போட்டு நிறுத்தணும். வேற யாரோ ஒருத்தர் வண்டி முன்னாடி அதிகாரி கையை நீட்டி வம்புல மாட்டின கதையை எல்லா பிரிட்டிஷ் பைக்கரும் சொல்வாங்க. எத்தனை உண்மையோ, நல்ல கதை :-)

இப்படி ஒண்ணு ரெண்டு வருஷம் இல்லீங்க, 1989 வரைக்கும் ஓட்டினாங்க. அரை நூற்றாண்டுக்கு மேல. தெருமுனை திரும்பினதும் நீங்க என்ன பண்ணினீங்கன்னு யாரு பார்த்தா?

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. டெஸ்ட் கட்டாயம் ஆகறதுக்கு மூணு வாரத்துக்கும் குறைவான நாள்தான் இருந்துச்சு. 1935 மே 13, லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு நாம படத்துல பார்த்த டி.ஈ. லாரன்ஸ் தன்னோட பிரஃப் சுப்பீரியர் வண்டியில போறப்போ சைக்கிள்ல வந்த ரெண்டு பசங்க மேல மோதாம இருக்கத் திருப்பி விழுந்தார். ஆறு நாள் கழிச்சு, 19-ஆம் தேதி, தலைக்காயத்தால இறந்து போனார். அவரைப் பார்த்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அவர் அப்புறம் மோட்டார் சைக்கிள்காரங்களோட தலைக்காயங்களை ஆராய்ச்சி பண்ணி 1941-ல கட்டுரை எழுதினார். ஹெல்மெட் போட்டா பொழைக்கலாம்னு சொன்னார். அதே வருஷம் ராணுவத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டறவங்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் ஆச்சு. பொதுமக்களுக்கு? 1973-ல! லாரன்ஸ் செத்து முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. ஒரு சட்டியைத் தலையில மாட்டுன்னு சொல்றதுக்கே இவ்வளவு காலம் ஆச்சுன்னா, ஒழுங்கா கத்துக்கிட்டு ஓட்டுன்னு சொல்ல எவ்வளவு ஆகும்?

அதுவரைக்கும் யாருதான் சொல்லிக் குடுத்தாங்க? பெரும்பாலும் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், நண்பன். இல்லைன்னா தானே விழுந்து தானே எழுந்து கத்துக்கணும், நம்ம ஊர் மாதிரியேதான். ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் ஆர்.ஏ.சி.யும் ஆட்டோ சைக்கிள் யூனியனும் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினாங்க. அதுல சொல்லிக் குடுத்தவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத பைக் ஆர்வலர்கள்தான். லீவு நாள்ல ஒரு காலி மைதானம் கிடைச்சாப் போதும். நல்ல மனுஷங்க. ஆனா அங்க போகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. யாருக்கு ரொம்பத் தேவையோ, அவங்கதான் போகவே இல்லை.

ஒரு முரண் பாருங்க. காருக்குச் சொல்லிக் குடுக்கறவங்களைப் பதிவு பண்ற திட்டம் 1964-ல விருப்பப்பட்டவங்களுக்குன்னு ஆரம்பிச்சுது. 1970 அக்டோபர்லேருந்து கட்டாயம். அதாவது பதிவு இல்லாம காசு வாங்கிக்கிட்டு கார் சொல்லிக் குடுத்தா குற்றம். நாலு சக்கரத்துல, சுத்தி இரும்புக் கூட்டுக்குள்ள உட்கார்ந்து ஓட்டறதைச் சொல்லிக் குடுக்க அரசாங்க அனுமதி வேணும். ரெண்டு சக்கரத்துல, ஒரு தோல் ஜாக்கெட்டை மட்டும் நம்பி ஓட்டறதை யார் வேணா சொல்லிக் குடுக்கலாம்!

வாத்தியாரைப் பார்க்காத அரசாங்கம், இஞ்சினை மட்டும் பார்த்துச்சு. 1961-ல எல் போர்டு ஆளுங்களுக்கு 250 சிசி-தான் உச்சம்னு சட்டம் போட்டாங்க. அன்னிக்கு 250 சிசி-ன்னா பரம சாதுவான வண்டி. ஆனா ஜப்பான்காரங்க வந்தாங்க. எழுபதுகள் கடைசியில சுசூகி ஒரு 250 சிசி வண்டியை மணிக்கு நூறு மைல் போகும்னு சொல்லியே வித்தாங்க. யமஹா ஆர்.டி. 250-ம் அதே ஜாதி. நம்ம ஊர்ல ராஜ்தூத் 350-ன்னு வந்த ஆர்.டி. 350 ஞாபகம் இருக்கில்ல? அதோட தம்பி. அதை டெஸ்ட்டே பாஸ் பண்ணாத பதினேழு வயசுப் பையன், ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி இல்லாம, எல் போர்டை மாட்டிக்கிட்டு ஓட்டலாம். சட்டப்படி! கற்பனை பண்ணிப் பாருங்க.

பண்ணினாங்க, செத்தாங்க. அப்புறம்தான் 1981-ல போக்குவரத்துச் சட்டம். 1982-லேருந்து மோட்டார் சைக்கிள் டெஸ்ட் ரெண்டு பாகமாச்சு. 1983-லேருந்து கத்துக்கறவங்களுக்கு உச்சம் 125 சிசி. தற்காலிக லைசென்ஸ் ரெண்டு வருஷம்தான். அதுக்குள்ள பாஸ் பண்ணலைன்னா ஒரு வருஷம் வண்டியைத் தொடக்கூடாது.

இதுல எனக்கு முக்கியமாப் பட்டது டெஸ்ட்டோட முதல் பாகம். ரோட்டுக்கு வெளியே, மைதானத்துல கோன் வெச்சு வளைச்சு ஓட்டறது, சரியா நிறுத்தறது மாதிரி. இதை அரசாங்க அதிகாரிதான் பார்க்கணும்னு இல்லை, அரசாங்கம் நியமிச்ச பயிற்சி அமைப்புகளும் நடத்தலாம்னு விட்டாங்க. முதல் தடவையா அரசாங்கம் தன்னோட கண்ணை இன்னொருத்தருக்குக் கடன் குடுத்தது இங்கதான். கதையோட திருப்புமுனையே இதுதான்னு நான் நினைக்கறேன்.

1989-ல நடைபாதை அதிகாரிக்கு ஒருவழியா விடுதலை கிடைச்சுது. டெஸ்ட்ல அதிகாரியும் வண்டியில பின்னாடியே வர ஆரம்பிச்சார். காதுல ரேடியோ. "அடுத்த வலது பக்கம் திரும்புங்க"ன்னு குரல் வரும். தெருமுனை தாண்டினாலும் அவர் கண்ணு உங்க முதுகுல இருக்கும். ஐம்பத்து நாலு வருஷம் கழிச்சு அரசாங்கம் மோட்டார் சைக்கிள்காரனை முழுசாப் பார்த்துச்சு!

அடுத்த வருஷம், 1990 டிசம்பர் 1-ஆம் தேதி, சி.பி.டி. வந்துச்சு. டெஸ்ட்டுக்கு முன்னாடி மட்டும் இல்லை, எல் போர்டோட ரோட்டுல தனியா இறங்கறதுக்கே பயிற்சி கட்டாயம். 1904-லேருந்து கணக்குப் பண்ணினா எண்பத்தாறு முடிஞ்சு எண்பத்தேழாவது வருஷம். இன்னொரு மாற்றமும் அன்னிக்கே வந்துச்சு. அதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கற ஒருத்தரைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு எல் போர்டு ஆள் ஓட்டலாம், அவர் "மேற்பார்வை" பண்றதா ஐதீகம். பில்லியன்ல உட்கார்ந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டு என்னத்தை மேற்பார்வை பண்றது? அதை ஒழிச்சாங்க. (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கதை இது. வட அயர்லாந்துக்கு சி.பி.டி. 2011-லதான் போச்சு.)

சி.பி.டி. எப்படி நடக்கும்னா, அஞ்சு கட்டம். முதல்ல அறிமுகம், கண் பரிசோதனை, ஹெல்மெட் ஜாக்கெட் பத்திப் பேச்சு. ரெண்டாவது, மைதானத்துல வண்டியைத் தெரிஞ்சுக்கறது: ஸ்டாண்டு போடறது, தள்ளறது, பிரேக், கிளட்ச். மூணாவது, மைதானத்துலயே ஓட்டறது. நாலாவது, ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாடம். அஞ்சாவது, நிஜ ரோட்டுல குறைஞ்சது ரெண்டு மணி நேரம். மைதானத்துல ஒரு வாத்தியாருக்கு நாலு பேருக்கு மேல கூடாது, ரோட்டுல ரெண்டு பேருக்கு மேல கூடாது. ஒரு கட்டத்துல தேறினாத்தான் அடுத்த கட்டம்.

நடத்தற அமைப்புக்கு அரசாங்க அங்கீகாரம் வேணும். மைதானத்துக்குத் தனியா அனுமதி. வாத்தியாருக்குத் தனியா சான்று. வாத்தியார்கள் பெட்ஃபோர்ட்ஷயர்ல இருக்கற கார்டிங்டன்ல ரெண்டு நாள் மதிப்பீட்டுக்குப் போய்த் தேறணும். அப்படித் தேறினவர் தன் நிலையத்துல மத்த வாத்தியார்களைத் தயார் பண்ணலாம். அரசாங்க ஆள் பயிற்சி நடக்கும்போது வந்து பார்க்கலாம். எல்லாம் முடிஞ்சா டி.எல். 196-ன்னு ஒரு சான்றிதழ். ஆரம்பத்துல மூணு வருஷம் செல்லும், 2001 பிப்ரவரியிலேருந்து ரெண்டு வருஷம்தான்.

காகிதத்துல பார்த்தா பிரமாதம். நானும் அப்படித்தான் நினைச்சேன், என் சி.பி.டி.க்குப் போற வரைக்கும்.

இப்ப கணுக்கால் கதை. நான் இங்க வந்து ரெண்டாவது வருஷம். ஊர்ல பத்து வருஷம் பைக் ஓட்டினவன், எனக்கென்ன பாடம்னு ஒரு திமிரு. இருக்கறதுலயே சீக்கிரம் முடியற இடமாத் தேடிப் போனேன். (பேரெல்லாம் வேண்டாம்.) காலையில நல்லாத்தான் ஆரம்பிச்சுது. மத்தியானம் ரோட்டுக்குக் கிளம்பினதும் மழை. நாப்பது நிமிஷத்துல வாத்தியார் எங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டார். "உங்களுக்கெல்லாம் ஓட்டத் தெரியுது, போதும்"னார். ரெண்டு மணி நேரம்னு போட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அவரை நான் ஒண்ணும் கேட்கலை. கேட்டிருந்தா மறுபடி மழையில போகணுமே! அந்தப் பொய்யில எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

ஒன்பதாவது நாள் ஒரு ரவுண்டானாவுல வலது பக்கம் லேன் மாறினேன். கண்ணாடியைப் பார்த்தேன், தோளுக்கு மேல திரும்பிப் பார்க்கலை. இந்த ஊர்ல அந்தத் திரும்பிப் பார்க்கறதுக்கே "லைஃப் சேவர்"னு பேரு. கண்ணாடியில தெரியாத இடத்துல ஒரு வேன். அவன் அடிச்ச ஹார்ன்ல நான் பதறி முன் பிரேக்கை அமுக்க, ஈர ரோட்டுல வண்டி என் இடது கால் மேல. வேன்காரன் நிறுத்தலைன்னா இந்தப் பதிவை நீங்க படிச்சிட்டு இருக்க மாட்டீங்க. கணுக்கால் எலும்புல விரிசல், ஆறு வாரம் கட்டு. படுத்துக்கிட்டே யோசிச்சேன். அன்னிக்கு மீதி எண்பது நிமிஷம் ஓட்டியிருந்தா, "ஏம்ப்பா தோளுக்கு மேல பார்க்கலை?"ன்னு வாத்தியார் ரேடியோல நாலு தடவை திட்டியிருப்பார். ஊர்ல பத்து வருஷம் பழகின கழுத்து, நாலு திட்டு வாங்கியிருந்தா திரும்பப் பழகியிருக்கும்.

அப்பதான் இந்த ஏற்பாட்டோட அடிப்படைச் சிக்கல் எனக்குப் புரிஞ்சுது. டெஸ்ட் வைக்கிற அதிகாரிக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. நீங்க பாஸ் ஆனாலும் ஆகாட்டியும் அவருக்கு ஒண்ணுதான். சி.பி.டி. வாத்தியாருக்குக் காசு குடுக்கறது நீங்க. இன்னொரு நாள் வான்னு சொன்னா உங்களுக்குக் கோபம் வரும், நண்பர்கள்கிட்ட சொல்வீங்க, அவர் கடைக்கு ஆள் குறையும். ரெண்டு மணிக்கெல்லாம் முடிச்சு அனுப்பற கடையில கூட்டம் சேரும். கறாரா இருக்கறவருக்கு நஷ்டம், தாராளமா இருக்கறவருக்கு லாபம். அரசாங்கம் மைதானத்தோட அளவைப் பார்க்கலாம், வாத்தியாரோட சான்றைப் பார்க்கலாம், அப்பப்ப வந்து எட்டிப் பார்க்கலாம். ஆனா ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பெய்யறப்போ யாரு பார்த்தா?

அதுக்காக சி.பி.டி. வீண்னு சொல்ல வரலை. 1990-ல பிரிட்டன்ல மோட்டார் சைக்கிள்ல செத்தவங்க 659 பேர். 2010-ல 403. எல்லாப் புகழும் சி.பி.டி.க்கேன்னு சொன்னா தப்பு. அந்த இருபது வருஷத்துல வண்டி, ரோடு, மருத்துவம் எல்லாமே மாறிச்சு, ஓட்டறவங்களும் மாறினாங்க. ஆனா கிளட்ச் எதுன்னே தெரியாதவன் முதல் நாளே பஸ்ஸுக்கு நடுவுல போறது நின்னுச்சு. அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அரசாங்கம் டெஸ்ட்டை மட்டும் மேல மேல கடினமாக்கிக்கிட்டே போச்சு. ஐரோப்பிய விதிப்படி 2009 ஏப்ரல்ல டெஸ்ட்டை மறுபடி ரெண்டா உடைச்சாங்க. முதல் பாகத்துல மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல வந்து சட்டுனு வளைச்சு ஒரு தடையைத் தவிர்க்கணும். 50 கிலோமீட்டர்னா 31 மைல் சொச்சம். ஊருக்குள்ள வேக வரம்பு 30 மைல்! சாதாரணத் தெருவுல நடத்தினா டெஸ்ட்டே சட்டவிரோதம் :-) அதனால தனி மைதானங்கள் கட்டினாங்க. அதுங்க எல்லா ஊர்லயும் இல்லை, பல பேர் டெஸ்ட்டுக்காக ரொம்ப தூரம் போக வேண்டி வந்துச்சு. 2010-ல நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவே இதை அறிமுகப்படுத்தின விதத்தை விமர்சிச்சுது.

விளைவு? டெஸ்ட்டுன்னாலே தலைவலின்னு நினைக்கறவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சி.பி.டி.யை மட்டும் திரும்பச் செஞ்சு எல் போர்டுலயே காலத்தை ஓட்டலாம். அதுக்குத் தடையில்லை. சி.பி.டி.க்கு எழுத்துத் தேர்வும் கிடையாது. லண்டன்ல ராத்திரி சாப்பாடு டெலிவரி பண்ற வண்டிகள்ல எத்தனை எல் போர்டுன்னு எண்ணிப் பாருங்க. அவங்கள்ல நம்ம ஆளுங்களும் இருக்காங்க. மழையிலயும் பனியிலயும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ரோட்டுல இருக்கறவனுக்கு, அவன் வாழ்க்கையில கிடைச்ச மொத்தப் பயிற்சியும் அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளும் நாப்பது நிமிஷமாச் சுருங்கினா?

நம்ம ஊரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 12-ஆவது பிரிவு டிரைவிங் ஸ்கூல் நடத்த லைசென்ஸ் வேணும்னு சொல்லுது. 1989-ல வந்த விதிகள்ல பாடத்திட்டம்கூட இருக்கு. ஆனா சொந்த டூவீலர் ஓட்ட அந்த ஸ்கூலுக்குப் போயே ஆகணும்னு எங்கயும் இல்லை. ஸ்கூலுக்குக் கட்டுப்பாடு உண்டு, கத்துக்கறதுக்குக் கட்டாயம் இல்லை. பிரிட்டன் 1990-ல தாண்டின படியில நாம இன்னும் நின்னுக்கிட்டு இருக்கோம். ஆனா தாண்டினதும் சொர்க்கம் வந்துராதுன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

சரி, மருமகன் கதைக்கு வர்றேன். அவன் சொன்ன ரெண்டு மணிக் கடை வேண்டாம்னுட்டேன். நாலஞ்சு இடத்துக்கு நானே போன் பண்ணி ஒரே கேள்விதான் கேட்டேன்: "ஒரே நாள்ல முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?" ரெண்டு இடத்துல "அதெல்லாம் கட்டாயம் முடிஞ்சிரும்"னாங்க. ஒரு பெரியவர் மட்டும், "முடியலைன்னா இன்னொரு நாள் வரணும், அந்த நாளுக்குத் தனியாக் காசு"ன்னார். அங்க சேர்த்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வெளியே வந்தான். கையில ஒண்ணும் இல்லை. "மாமா, எல்லாமே கரெக்டாப் பண்ணேன். ரைட் திரும்பும்போது தோளுக்கு மேல பார்க்கலைன்னு அஞ்சு தடவை சொன்னார். கையெழுத்து போட மாட்டேன்னுட்டார்." அக்கா போன்ல என்னைப் பிடிச்சுக்கிட்டா. "நல்ல இடமாப் பார்த்து விட்ட பாரு! காசு புடுங்கற கூட்டம்டா அது!"

உள்ள போய் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கோன்களை ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கிட்டு இருந்தார். நான் சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைச்சார் போல, கொஞ்சம் விறைப்பா நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குப் பணம் கட்டிட்டு வந்தேன்.

இந்தச் சனிக்கிழமை கையெழுத்து கிடைச்சுது. திரும்பி வர்ற வழியில என் காரை அவன் வீட்டுத் தெருவுல நிறுத்தினேன். இறங்கறதுக்கு முன்னாடி, கார் கதவைத் திறக்கறதுக்கே தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லலை.

டிஸ்கி: சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு ஆளுக்கொரு பக்கம் இருக்கீங்க. உங்க ஊர்ல பைக் லைசென்ஸுக்கு யார் கையெழுத்து போடறாங்க, அவங்களுக்கு யார் காசு குடுக்கறாங்கன்னு நேரம் கிடைச்சா ஒரு பதிவு போடுங்க. படிக்கக் காத்திருக்கேன்.